களத்தில் இன்னொருத்தி

இந்தக் காலத்துப் பிள்ளைகள் தும்மினால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள் என்பது தங்கப்பாண்டியின் தீராத எரிச்சல். களத்தில் காய்ந்த குண்டு மிளகாயிலிருந்து வெளுத்த சண்டு வத்தலைப் பொறுக்கிக்கொண்டிருந்த மருமகள் துர்காதேவிக்கு ஏழு மாதம்.

“கண்ணு மங்குது மாமா. தலையும் வலிக்கு. டாக்டரைப் பாக்கணும்.”

“ஏத்தா, வேலைக்குப் பயந்து இப்பக் கண்ணு சாக்கா?”

“வத்தல் செவப்பா வெளுப்பான்னே தெரியல. எதிர்த்தாப்புல பொறுக்குற அக்கா மட்டும் தெளிவாத் தெரியுது. மாசமா இருக்கையில அவளுக்கும் இப்படித்தான் மங்குச்சாம்.”

களத்தில் வேறு யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் சண்டு மட்டும் தனிக் குவியலாகக் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் ஒரு வத்தல் வந்து விழுந்தது. கருவேல மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

“எல்லாம் காத்து” என்று முனகிக்கொண்டே, ஆட்டோ பிடிக்க ரோட்டை நோக்கி வேகமாக நடந்தார்.