டிரெஜியரின் பை

திரும்பி வராத நீர்மூழ்கியின் மாலுமிகள் கரையில் விட்டுப்போன துணிப் பைகள் சாமான் அறையில் கிடக்கின்றன. மால்டாவின் வெயில் அவற்றின் மேல் வெள்ளையாக விழுகிறது. காதில் சீழ் வைத்ததால் அந்தக் கப்பலில் ஏறாத டிரெஜியர், அவற்றின் நடுவே தன் பையையும் பார்க்கிறான். "தொடாதடா, செத்தவங்களோடது. சாயந்தரம் ஏலம், காசு அவங்க வீட்டுக்கு" என்கிறார் காவலிருக்கும் நாப். "இது என் பை, நாப்." "அப்ப நீ ஏன்டா இங்க நிக்கிற?" டிரெஜியர் குனிந்து பையைப் பிரிக்கிறான். அவனுக்குப் பதிலாகப் போன பென்ரோஸின் கம்பளிச் சட்டைதான் மேலே இருக்கிறது. துவைத்தது காயவில்லை என்று டிரெஜியரின் சட்டையை மாட்டிக்கொண்டு, இதை இங்கே திணித்துவிட்டுப் போனவன். இப்போது நன்றாகக் காய்ந்திருக்கிறது. டிரெஜியர் அதைப் போட்டுக்கொள்கிறான். நாப் தடுக்க வாயெடுத்தவர், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பென்ரோஸ் நெட்டையன். சட்டையின் நீண்ட கைகளுக்குள் டிரெஜியர் தன் விரல்களைத் தேடிக்கொண்டிருக்கிறான்.