பை வைத்த நாற்காலி

புத்தகத் திருவிழாவில் பள்ளிப் பிள்ளைகளின் கவிதை நேரம். கூடாரத் துணி வழியாக வெயில் மஞ்சளாகக் கசிகிறது. மேடையில் சின்னவள் வாசிக்கிறாள். மைக் மெல்லத் தலை சாய, அவளும் கூடவே குனிகிறாள். கண் மட்டும் வாசலில். முன்வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை, அக்காவுக்காக இடம் பிடித்திருக்கிறது. அப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டை விட்டுப் போன அக்கா. அவள் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார். "அக்காவையும் வரச் சொல்லியிருக்கேன்பா" என்று பையை வைக்கும்போது சின்னவள் சொன்னபோதும் அவர் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசலில் ஹெல்மெட்டோடு ஒருத்தி அவசரமாக நுழைகிறாள். அதே நடை. சின்னவளின் குரல் தடுக்குகிறது. அப்பா சட்டென்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள், வேறு யாரோ. எழுத்தாளரிடம் கையெழுத்து வாங்கும் வரிசையில் போய் நின்றுகொள்கிறாள். கவிதை முடிந்து கைதட்டலும் அடங்குகிறது. காலியாகக் கிடக்கும் நாற்காலியின் முதுகைத் தொட்டபடி ஒருவர் கேட்கிறார்: "இங்க யாராவது வராங்களா சார்?" அப்பா மடியிலிருக்கும் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். "ஆமாங்க. என் பெரிய பொண்ணு வருவா."