திட்டு வாங்கிய ட்ரெய்லர்

"இந்த ட்ரெய்லர கட் பண்ணவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும் தம்பி, அவன் கைய ஒடிச்சு அடுப்புல வைக்கிறேனா இல்லையான்னு பாருங்க!"

ராமையா சொன்ன வேகத்தில் சுகுமாரனின் கையிலிருந்த கோப்பி தளும்பிச் சட்டையில் சிந்தியது. பெண் கேட்டு வந்த வீட்டில், உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே சட்டை அழுக்கானதுகூடப் பெரிய விஷயமில்லை. அந்த ட்ரெய்லரை கட் பண்ணியதே அவன்தான் என்பதுதான் விஷயம்.

ஈப்போவில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் அவனுக்கு எடிட்டர் வேலை. 'தவுக்கே தங்கராசு' என்ற, கடை முதலாளி ஒருவரைப் பற்றிய பழைய நகைச்சுவைப் படத்தை நம் ஊர் ஆட்களே புதிதாக எடுக்கிறார்கள் என்றதும், ட்ரெய்லர் வேலை அவன் மேசைக்கு வந்தது. தலைகால் புரியாமல் குதித்தான். முந்தாநாள் அது வெளியானது. நேற்றிலிருந்து பேரா மாநிலம் முழுக்க அவனைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறது.

"எங்கப்பா அந்தப் படத்துக்குன்னே வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்காரு. அவருதான் அட்மின். கம்ப்யூட்டர் வேலைன்னு மட்டும் சொல்லு. மத்தத வாயத் தொறந்து சொன்ன, நம்ம கல்யாணம் அதோட ஹாபிஸ் லா," என்று பிரமிளா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"நான் மட்டும் சொல்லல. ஊரு சொல்றதக் கேளுங்க." ராமையா போனை மேசையில் வைத்து, குரூப்பில் குவிந்திருந்த குரல் பதிவுகளைத் தட்டினார். லோரி ஓட்டி உரமேறிய விரல். தட்டிய தட்டில் போனே குதித்தது.

முதலில் கமுந்திங் கருப்பம்மாள் வந்தார். "அண்ணே, தங்கராசுக்குத் தொப்பை எங்கண்ணே? எந்தக் கடை தவுக்கேக்கு தொப்பை இல்லாம இருக்கு? ஜிம்முக்குப் போறவன்லாம் காமெடி பண்ணா வெளங்குமா?"

அடுத்து தைப்பிங் சன்னாசி. "பழைய படத்துல மனுசன் சாக்கடையில விழுவாரு, வயிறு வலிக்கச் சிரிச்சோம். இதுல ஸ்விம்மிங் பூல்ல விழுறான். ஸ்விம்மிங் பூல்ல விழுந்தா அதுக்குப் பேரு குளியல் லா, காமெடியா?"

சுகுமாரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்துக்கொண்டு, "கரெக்ட் அங்கிள். அந்த ஹீரோ சரியே இல்ல," என்று ஒத்து ஊதினான்.

"ஹீரோ என்னா பண்ணுவான், பாவம்? சொன்னாங்க, நடிச்சான். நான் கட் பண்ணவனத்தான் சொல்றேன். எத்தன நல்ல சீன் இருந்திருக்கும்! அதெல்லாம் தூக்கிக் கடாசிட்டு ஸ்விம்மிங் பூல வச்சிருக்கான். கண்ணு இருக்கா அவனுக்கு?"

"இல்ல அங்கிள்."

"மூளை?"

"அதுவும் இல்ல அங்கிள்."

சமையலறை வாசலில் நின்ற பிரமிளா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா மங்களம் வடைத் தட்டோடு வந்தார். "வந்த புள்ளகிட்ட கல்யாணத்தப் பத்திப் பேசாம, என்னங்க இது?"

"பேசத்தான் போறேன். பையன் தங்கமான பையனாத் தெரியுது." ராமையாவின் முகம் மலர்ந்தது. "அதுக்கு முன்ன ஒரு சின்ன வேலை. தம்பி, குரூப்புல நீங்க ஒரு வாய்ஸ் போடுங்க. நம்ம வீட்டுக்கு வரப்போற புள்ள எப்படின்னு எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும். 'கட் பண்ணவன் கை வெளங்காமப் போகட்டும்'னு சொல்லுங்க. அவ்ளோதான்."

சொன்னதோடு நிற்காமல், போனை அவன் வாய்க்கு நேரே நீட்டி மைக்கையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

சுகுமாரன் தன் கையைப் பார்த்தான். சோறு போடுகிற கை. தாலி கட்டப்போகிற கை. அதற்குத் தன் வாயாலேயே சாபம் விட மனசு வரவில்லை. கண் எரிய எரிய உட்கார்ந்து செய்த வேலையை இத்தனை பேர் போட்டு மிதித்ததில் கோபமும் இருந்தது.

"அங்கிள், அது நான்தான்."

"எது?"

"ட்ரெய்லர கட் பண்ணது. நல்லா இல்லாம இருக்கலாம். ஆனா மனசாரச் செஞ்ச வேலை. என்னால அதத் திட்ட முடியாது. மன்னிச்சிருங்க."

ராமையாவின் விரல் மைக்கிலிருந்து நழுவியது. பதிவு நேராகக் குரூப்புக்குப் போய்ச் சேர்ந்தது. போன் விடாமல் கத்தத் தொடங்கியது. கருப்பம்மாள்தான் முந்திக்கொண்டார். "அண்ணே, அவன விட்றாதீங்க! ஆள அப்படியே புடிச்சு வைங்க!"

ராமையா எழுந்தார். வாசல் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளும் போட்டார். பிரமிளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று சுகுமாரன் எழுந்து நின்றான்.

அவர் திரும்பி வந்து, போனில் எதையோ தேடி எடுத்து அவன் கண்முன் நீட்டினார். சடாமுடியும் நெஞ்சுவரை தாடியும் முகம் முழுக்கத் திருநீறுமாக ஒரு சாமியார் படம்.

"இவரத் தெரியுதா?"

"தெரியும் அங்கிள். படத்துல ஒரே ஒரு சீன்ல வருவாரு. ட்ரெய்லர்ல இடம் பத்தல, தூக்கிட்டேன்."

"லோரி ரிப்பேருன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு, அந்த வேஷத்தப் போட்டுக்கிட்டு கமுந்திங்ல அடிக்கிற மழையில ஒத்தக் கால்ல நின்னேன். ட்ரெய்லர் வந்ததும் காட்டலாம்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல," என்றார் ராமையா. பிறகு வடைத் தட்டை அவன் பக்கம் நகர்த்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ரெண்டாவது ட்ரெய்லர் எப்ப கட் பண்றீங்க, மாப்பிள்ளை?"