முன்கண்ணாடி

கார் மிருதுளாவின் பெயரில் இருந்ததால், வெளிநாட்டிலிருந்து புதுக் கண்ணாடி வந்துவிட்டது என்று ஒர்க் ஷாப்பிலிருந்து அவளைத்தான் அழைத்தார்கள். கணவன் தயாளன் வெளியூர் போயிருந்தான். பைபாஸில் லாரிச் சக்கரத்திலிருந்து கல் தெறித்து முன்கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவனுக்குச் சரியான சாப்பாடில்லை, தூக்கமில்லை. ஆசையாக வாங்கிய கார் அடிபட்ட வருத்தம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் ஒர்க் ஷாப்புக்குப் போனாள். பழைய கண்ணாடியைக் கழற்ற வந்த மெக்கானிக் ஜெபராஜ், அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "பக்கத்து சீட்ல இருந்தவங்களுக்கு இப்ப தேவலையா மேடம்? பெல்ட் போடல போல. தலை நல்லா மோதியிருக்கு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கிட்டே போய்ப் பார்த்தாள். விரிசல் விட்ட இடம் உள்ளிருந்து இடிபட்டு வெளியே புடைத்திருந்தது. அதன் நடுவே ஒரு நீளமான முடி சிக்கிக்கொண்டு ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மிருதுளாவின் கை, கழுத்தோடு வெட்டிய தன் தலைமுடிக்குப் போயிற்று. தயாளனுக்குப் போன் போட்டாள்.

"அவ யாருன்னு நான் கேக்கலைங்க. உயிரோட இருக்காளா, அத மட்டும் சொல்லுங்க."

அவன் மெதுவாக, "நீ இப்ப எங்க இருக்க?" என்றான்.

அவள் போனை வைத்துவிட்டாள். ஜெபராஜ் கண்ணாடியின் விளிம்பில் கத்தியைச் செருகப் போனார்.

"கழட்டாதீங்க" என்று கத்தினாள். "யாரும் அதத் தொடாதீங்க."