ஆம்ப்ரோஸ் சொன்ன சாட்சி

அப்பா வந்துவிடக் கூடாதே என்பதுதான் அன்று ஆம்ப்ரோஸின் ஒரே கவலை.

சிராங்கூன் ரோட்டை ஒட்டிய சந்தில், கடைவீடு ஒன்றின் மாடியில் இருந்தது அந்த மிஷனரி பயிற்சிப் பள்ளி. படிப்பை முடித்து ஜொகூர் தோட்டப்புறங்களுக்கு ஊழியத்துக்குப் போகிறவர்களை ஜெபம் செய்து அனுப்பிவைக்கும் கூட்டம் அன்று. மற்ற மாணவர்களின் வீட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆம்ப்ரோஸ் மட்டும் வீட்டில் மூச்சுவிடவில்லை. அம்மா போன வருஷம்தான் இறந்திருந்தாள். அப்பா அருளானந்தம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு அன்று வேலை நாள் என்பது ஆம்ப்ரோஸுக்கு ஆறுதலாக இருந்தது.

ஆனால் பாட்டு ஆரம்பிக்கும்போதே, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு அருளானந்தம் படியேறி வந்துவிட்டார். பாஸ்டரே துறைமுகத்துக்குப் போன் போட்டு அழைத்திருக்கிறார்.

"படிப்பு மும்முரத்துல சொல்ல மறந்துட்டே போல," என்றார் மகனிடம். ஆம்ப்ரோஸ் தலைகுனிந்துகொண்டான்.

அவன் ஏன் சொல்லவில்லை என்பதை அங்கிருந்த மாணவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். பயிற்சியின் முதல் வாரத்திலேயே பாஸ்டர் சொல்லியிருந்தார், வசனம் யார் வேண்டுமானாலும் படிப்பார்கள், உன் வாழ்க்கையில் ஆண்டவர் என்ன செய்தார் என்று சொல்லு, அதைத்தான் ஜனங்கள் காது கொடுத்துக் கேட்பார்கள் என்று. ஒருவன் ரகசியக் கும்பலில் இருந்தவன். முதுகில் இருந்த வெட்டுத் தழும்பைக் காட்டிச் சாட்சி சொன்னான். இன்னொருவன் போதைமருந்துக்காக ஜெயிலுக்குப் போனவன். ஆனால் வகுப்பையே அழவைத்தது ஆம்ப்ரோஸ்தான். அவன் தன் அப்பாவின் குடியைப் பற்றிச் சொன்னான். அதற்குப் பிறகு எந்தச் சர்ச்சுக்குப் போனாலும் பாஸ்டர் அவனைத்தான் முதலில் பேச வைத்தார்.

அன்று அவன் மேடையேறி ஒரு வசனம் படித்தான். நன்றி சொல்லிவிட்டு இறங்கப் பார்த்தான். பாஸ்டர் விடவில்லை.

"சாட்சியைச் சொல்லு தம்பி. அப்பாவே வந்திருக்கார், இதைவிட ஆசீர்வாதம் என்ன இருக்கு?"

ஆம்ப்ரோஸ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சம்பள நாளில் அப்பா சம்சு சாராயம் குடித்துவிட்டு வருவாராம். பாத்திரம் பறக்குமாம். அம்மா அடி வாங்கியபடியே ஜெபம் பண்ணுவாளாம். தானும் அவளோடு முழங்காலில் நின்று அழுத பிறகுதான் அப்பா திருந்தினார் என்று முடித்தான். பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

முன்வரிசையில் அருளானந்தம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

பாஸ்டர் அவரை எழுந்து நிற்கச் சொன்னார். "ஐயா, வெட்கப்படாதீங்க. நீங்களே உங்க வாயால சொல்லுங்க. இப்போ விட்டுட்டீங்கதானே?"

அறை முழுக்க அவரையே பார்த்தது. அவர் மகனைப் பார்த்தார். ஆம்ப்ரோஸின் கண்கள் தரையில் இருந்தன.

"விட்டுட்டேன்," என்றார் அருளானந்தம்.

எல்லாரும் கை தட்டினார்கள்.

தேநீர் நேரத்தில் அவர் பக்கத்து நாற்காலிகளில் யாரும் உட்காரவில்லை. இந்த ஆளா கிரேன் ஓட்டுறார், எத்தனை பேர் தப்பிச்சாங்களோ லா என்று ஒருவர் சிரித்தது ஆம்ப்ரோஸின் காதிலும் விழுந்தது. ஒரு தாய் தன் மகளை அவரிடமிருந்து மெதுவாகத் தள்ளி இழுத்துக்கொண்டாள். அருளானந்தம் தேநீர்க் குவளையைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

ஒரே ஒருத்தி மட்டும் அவரைத் தேடி வந்தாள். தோ பாயோவிலிருந்து வந்திருந்த ரத்தினம்மா. தன் வீட்டுக்காரரும் தினமும் குடிக்கிறார், பிள்ளைகள் பயந்து பக்கத்து வீட்டில் போய்த் தூங்குகிறார்கள் என்று சொல்லி அழுதாள்.

"யார் சொன்னாலும் அவர் கேக்கமாட்டேங்கிறாருய்யா. குடிச்சிக் கெட்டு எழுந்தவங்க நீங்க. நீங்க சொன்னா கேப்பாரு. ஒரு தடவை வீட்டுக்கு வர்றீங்களா?"

அருளானந்தம் குவளையைக் கீழே வைத்தார். அருகில் நின்ற ஆம்ப்ரோஸுக்கு உடம்பெல்லாம் கூசியது. இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நினைத்தான். சொல்லிவிட்டால்கூடத் தேவலை என்று இருந்தது.

"சனிக்கிழமை வர்றேம்மா," என்றார் அவர்.

கூட்டம் முடிந்து இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். பூக்கடைக்காரர்கள் கூப்பிட்டதுகூட அவர்கள் காதில் ஏறவில்லை. நிறுத்தத்தில் நின்றதும் ஆம்ப்ரோஸ் அப்பா பக்கம் திரும்பினான்.

"அப்பா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

அருளானந்தம் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. எதையோ யோசித்துக் களைத்தவர் போல இருந்தார்.

"சனிக்கிழமை நீயும் வா," என்றார். பிறகு பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டுச் சொல்லு, குடியை விடும்போது உடம்பு என்ன பாடுபடும்னு. அந்த மனுசன் கேட்டா நான் என்னத்தைச் சொல்றது? நான்தான் ஒரு நாளும் அதைத் தொட்டதே இல்லையே."