சிவப்புக் காட்டிய பத்து நாள்

"பத்து நாளா சிவப்புக் காட்டுது, வாயே திறக்கல நீங்க—"

"குழந்தைக்கு ஒண்ணும் இல்லைங்கிறேன், நீ கத்தாத—"

"கத்தாம? இன்னிக்கு உங்க செல்போனை நானே பார்த்ததால ஆச்சு. இல்லேன்னா இன்னும் மூடி மறைச்சிருப்பீங்க!"

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஐந்து வயதுப் பட்டு மட்டும் அப்பாவின் மடியில் உட்கார்ந்து அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் பட்டுவுக்கு ரத்தப் புற்று வந்து குணமாகியிருந்தது. அது திரும்புகிறதா என்று கண்காணிக்க, நாற்பது நாளுக்கு முன் உள்ளங்கை அகல இயந்திரம் ஒன்றை வாங்கச் சொன்னார் டாக்டர். விலை குறைவுதான். தினம் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு வைத்தால் போதும். நாளுக்கு நாள் அந்த ரத்தத்தைப் படித்துப் பழகிக்கொண்டு, கோளாறு தெரிந்தால் செல்போனில் சிவப்புக் காட்டும்.

அம்மா விடியும் முன்பே மில்லுக்குக் கிளம்பிவிடுவாள். காலைச் சொட்டு அப்பாவின் பொறுப்பு.

"இங்க வேற அவளைக் குத்தணுமா? வா, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்தார் அப்பா.

"பெத்த அப்பாதானா நீங்க?" குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள் அம்மா.

ஊசியைக் கண்டதும் பட்டு போட்ட கூச்சலில் கூடமே அதிர்ந்தது.

"நாப்பது நாளா தினம் குத்திப் பழகின புள்ளையாம்மா இது?" என்று நர்ஸ் சிரித்தாள்.

"அப்பா செல்லம். அவர் குத்தினா மூச்சு விடமாட்டா. நாமன்னாதான் இந்த ஆர்ப்பாட்டம்."

ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது. பட்டுவின் ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

அம்மா அழுதாள், சிரித்தாள், பட்டுவைத் தூக்கி முத்தமிட்டாள். "பாழாப்போன மிஷின், பாதி உயிரை எடுத்துடுச்சு! நீங்க சொன்னதுதாங்க சரி. ஏதோ ஆத்திரத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க."

அவர் நிமிரவில்லை.

"இன்னும் எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு? அதான் ஒண்ணும் இல்லேன்னு ஆயிடுச்சே!"

அவர் பட்டுவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"போன வருஷம் அவ பட்டது போதும்னு, முதல் நாள்லேர்ந்தே என் விரலைத்தான் குத்திக்கிட்டிருந்தேன்."