கோ, வென்ட், கான்

கரும்பலகையில் ‘கோ’ என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதிவிட்டு நேஹா சாக்பீஸைக் கீழே வைத்தாள். இன்றைக்கு எப்படியாவது சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை அவளுக்கு ரயில். புனேயில் வேலை.

மூன்று வாரமாகச் சனிக்கிழமைதோறும் இதைச் சொல்லத்தான் காந்திபுரத்தில் பஸ் ஏறுகிறாள். சோமனூரில் இறங்கியதும் தைரியம் அந்தப் பஸ்ஸோடேயே போய்விடுகிறது.

சொல்லாமல் கிளம்பவும் மனசு வரவில்லை. எதிரே பாயில் உட்கார்ந்திருந்த ஒன்பது பெண்களும் பகல் ஷிப்டு தறி ஓட்டிவிட்டு, தலையில் பஞ்சுத் தூசியோடு நேராக இந்த ஹாலுக்கு வருகிறவர்கள். பிள்ளைகளின் ஸ்கூல் மீட்டிங்கில் ஊமையாட்டம் நிற்கக் கூடாது, நாலு வார்த்தை இங்கிலீஷ் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள்.

இரண்டு வருடத்தில் நேஹா சொல்லிக்கொடுத்தது கொஞ்சம், தின்றது அதிகம். கச்சாயம், எள்ளுருண்டை, அவித்த கடலை. ஒரு சனிக்கிழமைகூட அவளை வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றியதில்லை. அவளுக்கும் இவர்கள் என்றால் உயிர்.

அதனால் ஒரு திட்டம் போட்டிருந்தாள். கடைசிப் பாடம் ‘கோ’. முடிக்கும்போது தானும் ஒரு உதாரணம் சொல்வதுபோல ‘ஐ ஆம் கோயிங்’ என்று சொல்லிவிடலாம். பாடத்துக்குள் வைத்துச் சொன்னால் அழுகை வராது என்று நினைப்பு.

பாடம் ஜோராகத்தான் நடந்தது. ஆள் நடந்து போனாலும் ‘கோ’, பால் கெட்டுப்போனாலும் ‘கோ’, கரண்ட் போனாலும் ‘கோ’. சேலைக்கு ஜாக்கெட் பொருந்தினாலும் அதே ‘கோ’தான் என்றதும் காளியாத்தாளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“பொழைக்கத் தெரிஞ்ச வார்த்தைங்க டீச்சர். எல்லா ஊட்லயும் கை நனைச்சுப்போட்டு வருது.”

வகுப்பில் மூத்தவள் காளியாத்தாள்தான். முப்பது வருடமாகத் தறிச் சத்தத்தில் இருந்தவள். ரகசியம் பேசினால்கூட தெருமுனைக்குக் கேட்கும்.

“சரிங்கக்கா. ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வாசல் வரைக்கும் போங்க. திரும்பி நின்னு ‘ஐ ஆம் கோயிங்’னு சொல்லுங்க,” என்றாள் நேஹா.

சரியாகச் சொன்னால் ‘வெரி குட், சிட் டவுன்’ என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் உட்காருவார்கள். இரண்டு வருடப் பழக்கம்.

அன்புக்கரசி முதலில் எழுந்து போனாள். வாசலில் திரும்பி, “ஐ ஆம் கோயிங் அண்ட் கமிங்,” என்றாள்.

நேஹா திருத்தினாள். அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் அதையே சொன்னாள்.

போன மாதம் இதே ஹாலில் ‘ஐ ஆம் கோயிங் டு திருப்பூர்’ என்று தண்ணீர்பட்ட பாடாகச் சொன்னவர்கள். இன்றைக்கு ஒன்பது பேரும் ஒரே தப்பைச் செய்துவிட்டு வாசலோரம் நின்றார்கள். அங்கே கதவு மூலையில் ஒரு புது பவானி ஜமக்காளம், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், சுருட்டிச் சாத்தியிருந்தது. யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ என்று உள்ளே வரும்போதே நேஹா நினைத்திருந்தாள்.

“அந்தக் கமிங் வேண்டாங்கக்கா. கோயிங் போதும்.”

“போதாதுங்க டீச்சர்,” என்றாள் அன்புக்கரசி. “உட்டுப்போட்டுக் கெளம்பறப்ப மொட்டையா போறேன்னு ஆரு சொல்லுவாங்க?”

நேஹாவுக்குத் தெரியாததா? தெலுங்கு பேசும் அவள் வீட்டிலும் அதே சட்டம்தான். வாய் தவறி ‘போறேன்’ என்றால் அம்மா மறுபடி உள்ளே கூப்பிட்டு, ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவாள்.

“இப்ப நான் சொல்றேன் பாருங்க,” என்று வாசலுக்கு நடந்தாள். திரும்பி நின்றாள்.

“ஐ ஆம்...”

அதற்குமேல் வரவில்லை. இரண்டு வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வாய்க்கு ஒரே ஒரு வார்த்தை வரவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் வந்துவிட்டது.

என்ன ஆச்சு என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

காளியாத்தாள் பக்கத்தில் வந்தாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சின்னக் குரலில் பேசினாள்.

“புனே ரொம்பத் தொலைவுங்களா?”

போன வாரம் புனே வேலையைச் சொல்லி, ஹால்காரரிடம் சாவியைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி நேஹா பேசியிருந்தாள். அவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

அன்புக்கரசி உறையைக் கிழித்து ஜமக்காளத்தை எடுத்தாள். சிவப்பும் பச்சையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது. பெட்டியில் இடமில்லையே என்று நேஹாவின் மனசில் ஒரு கணம் ஓடியது. துணிமணியை வீட்டில் போட்டுவிட்டாவது இதைக் கொண்டுபோய்விட வேண்டும். இரண்டு கையையும் நீட்டினாள்.

காளியாத்தாள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“இது குடுக்கறதுக்கு இல்லீங்க கண்ணு. இங்கயேதான் கெடக்கும். நீங்க வந்தா உக்கார்றதுக்கு.”

கரும்பலகைக்கு முன்னால் அதை விரித்தார்கள். ஒருத்தியும் அதில் கால் வைக்கவில்லை.

நேஹா மூக்கை உறிஞ்சினாள். வாசலில் நின்றபடி, அன்புக்கரசி சொன்ன அந்தத் தப்பு வாக்கியத்தை ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னாள்.

“வெரி குட்,” என்றாள் காளியாத்தாள், ஜமக்காளத்தைக் காட்டி. “சிட் டவுன்.”